சில்லுக்குள் ஒரு நீர்க்கட்டி

நுழையும்முன்

ஏரி நிறைந்திருந்தால் மட்டும் கடைமடை வயல் விளைந்துவிடாது. எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது, எப்போது அடைப்பது என்று அறிந்த ஒருவர் வேண்டும். தென்தமிழகத்து ஊர்களில் அவரை நீர்க்கட்டி என்பர். மின்னணுக் கருவிகளுக்குள்ளும் அப்படி ஒரு நீர்க்கட்டி உண்டு. அதன் பணியை இப்பாடம் விளக்குகிறது.

கருநாடகத்தின் கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாக மேட்டூரை நோக்கி வரும் சாலை, மலையிறங்கியதும் பாலாறு என்னும் சிற்றூரைத் தொடுகிறது. அதே பெயருடைய ஆறு அங்கே காவிரியில் கலக்கிறது. வேலூர் வழியே பாயும் பாலாறு வேறு, இது வேறு. ஆற்றின் ஒரு கரை கருநாடகம், மறுகரை தமிழகம். 1997ஆம் ஆண்டில் சாமராசநகர் தனி மாவட்டமாகும்வரை இப்பகுதி மைசூரு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஒரு பாலம், ஒரு சோதனைச்சாவடி, சில வீடுகள். மற்றபடி சுற்றிலும் காடு. மாதேஸ்வரன் மலைக் காடு 2013இல் வன உயிரினக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் தெற்கே சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமானதும் அதே ஆண்டில்தான். புலிக்கும் யானைக்கும் மாநில எல்லை தெரியாது. அவற்றுக்கு இரண்டும் ஒரே காடு.

புலியை ஊர்தியாகக் கொண்டவர் மாதேசுவரர் என்பது அம்மலை மக்களின் நம்பிக்கை. ஆனால் அக்காட்டில் எத்தனை புலிகள் உள்ளன என்பதை நம்பிக்கையால் அறிய இயலாது. அதற்கு மரத்தண்டில் கட்டப்பட்ட ஒரு சிறு பெட்டி வேண்டும். அதுவே தானியங்கிக் கேமரா.

விலங்கு தானே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் இம்முறை புதிதன்று. 1920களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அலுவலர், வட இந்தியக் காடுகளில் விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டினார். புலியின் கால் கம்பியில் பட்டதும் மின்னொளி வெடித்துப் படம் பதிவாயிற்று. ஓர் இரவுக்கு ஒரு படம் கிடைத்தாலே அது பெரிது. 1990களில் மைசூருக்கு அருகிலுள்ள நாகரகொளே காட்டில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். மனிதரின் கைரேகையைப் போலவே ஒவ்வொரு புலியின் வரிகளும் தனித்தன்மை உடையவை. ஒரே புலியின் இடப்புற வரியும் வலப்புற வரியும்கூட ஒத்திருப்பதில்லை. அதனால் தடத்தின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வைக்கப்படுகிறது. அன்றைய கேமராவில் இருந்தது படச்சுருள். சுருள் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது.

இன்று சுருள் இல்லை. நகத்தளவு நினைவக அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். ஆகவே எல்லை வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. இப்போது முதலில் தீர்வது மின்கலம்.

2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றுள் புலி இடம்பெற்றவை 76,651 மட்டுமே. மற்றவை மான், காட்டுப்பன்றி, யானை, ஆடு மாடு, விறகு சுமந்து செல்வோர், காற்றில் ஆடிய புல் என விரிந்தன. அத்தனைக்கும் மின்கலமே மின்சாரம் தந்தாக வேண்டும். ஒரு கேமராவின் மின்கலம் இருபதாம் நாளில் தீர்ந்து, புலி இருபத்திரண்டாம் நாளில் கடந்து சென்றால், அக்கணக்கில் அந்தப் புலி இல்லை. மின்கலத்தை மாற்ற வேண்டுமானால் வனப் பணியாளர் பல கல் தொலைவு, யானை நடமாட்டம் உள்ள தடத்தில், நடந்து செல்ல வேண்டும். மனித வாடை அடிக்கடி படும் தடத்தை விலங்குகள் தவிர்ப்பதும் உண்டு.

கணக்கில் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 2025 ஜூன் மாதம் மாதேஸ்வரன் மலைக் காட்டின் ஹூக்கியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. நஞ்சிட்ட மாட்டுடலைத் தின்றதே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஐந்து புலிகள் என்பது அத்தகைய காட்டில் சிறிய எண் அன்று. எது இருந்தது என்று தெரிந்தால்தான் எது இல்லாமற்போயிற்று என்பது தெரியும்.

ஒரே பெட்டி, பல பசிகள்

தானியங்கிக் கேமராவைத் திறந்து பார்த்தால் கடிகாரங்களிலும் தொலையியக்கிகளிலும் பயன்படும் சாதாரண மின்கலங்கள் வரிசையாக அமைந்திருக்கும். எட்டு மின்கலங்கள் தொடர் இணைப்பில் இருப்பதாகக் கொள்ளலாம். புதிய காரமின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.5 வோல்ட், ஆகவே எட்டுக்கும் சேர்த்து 12 வோல்ட். பயன்படுத்தப்பயன்படுத்த ஒவ்வொன்றும் 1 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது மொத்தம் 8 வோல்ட் ஆகிவிடும். ஏரியின் நீர்மட்டம் நாளும் இறங்குவது போன்றது இது.

பெட்டிக்குள் இருக்கும் உறுப்புகளோ ஒன்றுக்கொன்று மாறுபட்ட பசி உடையவை. கணக்கிடும் செயலியின் உட்பகுதிக்கு ஏறத்தாழ 1.2 வோல்ட் போதும்; கூடினால் கருகிவிடும். நினைவக அட்டைக்கு 3.3 வோல்ட் வேண்டும். படம் பதியும் உணரிக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்கள் தேவைப்படுவதுண்டு. அவற்றில் சிறு அலைவு ஏற்பட்டாலும் படத்தில் புள்ளிகளாகத் தெரியும். இரவில் எரியும் அகச்சிவப்பு விளக்குகள், எரியும் ஓரிரு நொடிக்குள் பெரிய மின்னோட்டத்தை உறிஞ்சும். விலங்கின் உடல்வெப்பம் அசைவதை அறியும் உணரியோ இரவுபகல் விழித்திருக்கும். அதற்கு வேண்டியது சில பத்து மைக்ரோ ஆம்பியர் மட்டுமே.

இறங்கிக்கொண்டே இருக்கும் ஒரே மூலத்திலிருந்து, இறங்காத பல அளவுகளைப் பிரித்துத் தருவதே மின்திறன் மேலாண்மைச் சில்லின் வேலை. முன்பு தனித்தனி உறுப்புகளாகச் சுற்றுப்பலகை முழுவதும் பரவிக் கிடந்த சீராக்கிகளும் கண்காணிப்புச் சுற்றுகளும் இன்று ஒரே ஒருங்கிணைந்த மின்சுற்றுக்குள் அடக்கப்படுகின்றன. செல்பேசி, மருத்துவக் கருவி, மகிழுந்து, செயற்கைக்கோள் என ஒவ்வொன்றின் தேவைக்கும் ஏற்பத் தனித்தனியாக வடிவமைக்கப்பட்ட சில்லுகள் உள்ளன.

மின்னழுத்தத்தை மாற்றும் கலை காவிரிக்குப் பழையது. பாலாற்றுக்கு மேலே, அதே காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. மின்மாற்றியைக் கொண்டு மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, சென்றடைந்த இடத்தில் தாழ்த்தினர். அந்த வழி தானியங்கிக் கேமராவுக்குப் பயன்படாது. மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்தில் மட்டுமே இயங்கும். மின்கலம் தருவது நேர்திசை மின்னோட்டம். எனவே வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

வீணாக்கும் வழியும் வெட்டித் தரும் வழியும்

எளிய வழி ஒன்று உண்டு. மின்கலம் 9 வோல்ட் தருகிறது, உறுப்புக்கு 3 வோல்ட் வேண்டும் என்றால், இடையில் ஒரு சீராக்கியை வைத்து மீதி 6 வோல்ட்டையும் வெப்பமாக்கி விடலாம். வேகமாகப் பாயும் மடைநீரின் எதிரே கற்களைப் போட்டு வேகத்தைக் கொல்வது போன்றது இது. உறுப்பு 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் அது பயன்படுத்தும் திறன் 0.3 வாட். மின்கலம் கொடுத்ததோ 0.9 வாட். மூன்றில் இரண்டு பங்கு பெட்டியைச் சூடாக்குவதற்கே போயிற்று. நேரியல் சீராக்கி எனப்படும் இம்முறையில் ஒரு நன்மையும் இருக்கிறது: அதன் வெளியீட்டில் அலைவு மிகக் குறைவு. அதனால் படம் பதியும் உணரிக்கு இன்றும் இதுவே பயன்படுகிறது. ஆனால் அங்கே 9 வோல்ட்டிலிருந்து நேரே இறக்குவதில்லை. முதலில் வேறு வழியில் அருகிலுள்ள அளவுக்குக் கொண்டுவந்து, கடைசிச் சிறு படியை மட்டும் இதனிடம் ஒப்படைப்பர்.

அந்த வேறு வழி, மடையைத் திறந்து திறந்து மூடுவது. சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் பல லட்சம் முறை இணைப்பைக் கொடுத்தும் துண்டித்தும் இயங்குகிறது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தும் இரண்டு பங்கு மூடியும் இருந்தால், 9 வோல்ட் சராசரியாக 3 வோல்ட் ஆகிறது. விட்டுவிட்டு வரும் இந்த ஓட்டத்தை ஒரு மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் சமன்செய்கின்றன. மடைக்கு வெளியே உள்ள சிறு தொட்டி நிரம்பி, அதிலிருந்து வாய்க்காலில் ஒரே சீராக நீர் ஒழுகுவதைப் போல.

இங்கே உவமையை அதற்குமேல் இழுக்கக் கூடாது. இம்முறையில் திறன் இழப்பு பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 0.3 வாட் தருவதற்கு மின்கலத்திலிருந்து 0.33 வாட் எடுத்தால் போதும். 9 வோல்ட்டில் அது 37 மில்லி ஆம்பியர். ஆனால் உறுப்புக்குக் கிடைப்பது 100 மில்லி ஆம்பியர். எடுத்ததைவிடக் கொடுத்தது எப்படிப் பெருகிற்று? எந்த மடைநீரும் இப்படிப் பெருகாது. விடை மின்தூண்டியில் இருக்கிறது. இணைப்பு இருக்கும்போது கம்பிச்சுருள் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கிறது. இணைப்பு துண்டிக்கப்பட்ட பின்னும், மின்கலத்தின் துணையின்றி, அச்சுருள் உறுப்பின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கிறது. மின்கலம் உழைப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம். உறுப்போ முழு நேரமும் உண்கிறது. மின்னோட்டம் கூடினாலும் மின்னழுத்தம் குறைந்திருப்பதால் ஆற்றல் அழியா விதி மீறப்படவில்லை.

சுருளையும் டிரான்சிஸ்டரையும் வேறு வகையில் இணைத்தால் மின்னழுத்தத்தை உயர்த்தவும் முடியும். இரண்டே மின்கலங்களைக் கொண்டு பல விளக்குகளை எரிய வைக்கும் கருவிகளில் நடப்பது அதுதான்.

தூங்கும்போது உண்ணும் அளவு

இதுவரை சொன்னது கேமரா விழித்திருக்கும்போது நடப்பது. அது விழித்திருக்கும் நேரமோ மிகக் குறைவு. ஒரு நாளைக்கு ஐம்பது படங்கள் எடுத்தாலும் விழிப்பு சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. ஆகவே மின்கலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது, வேலை செய்யும்போது எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டிலும், சும்மா இருக்கும்போது எவ்வளவு கசிகிறது என்பதே.

மாணவர் செயல்திட்டங்களில் அடிக்கடி காணப்படும் 7805 என்ற பழைய சீராக்கியை எடுத்துக்கொள்ளலாம். உறுப்புகள் எதுவும் இயங்காத நேரத்திலும் அது தன் சொந்தப் பிழைப்புக்காக ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சிறிய அளவுதான். ஆனால் மின்கல அடுக்கின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணி என்று கொண்டால், 2000ஐ 5ஆல் வகுக்க 400 மணி நேரம்; அதாவது பதினேழு நாள்கூட இல்லை. ஒரு புலியையும் படமெடுக்காமலே மின்கலம் தீர்ந்துவிடும். காத்திருப்பின் மொத்தச் செலவை 0.2 மில்லி ஆம்பியருக்குள் அடக்கினால் அதே மின்கலம் 10,000 மணி நேரம், அதாவது ஓராண்டுக்கும் மேல் காத்திருக்கும். மின்கலத்தைப் பெரிதாக்கவில்லை, காவலாளின் கூலியைக் குறைத்ததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

சிறு உணரிகளுக்கெனவே செய்யப்பட்ட சில்லுகள் இதிலும் பன்மடங்கு சிக்கனமானவை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.பி.எஸ். 62740 என்ற சில்லு தனக்கென எடுத்துக்கொள்வது 360 நானோ ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியரில் மூவாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். கணக்குப் போட்டால் மேற்சொன்ன கொள்ளளவை அது 600 ஆண்டுகள் உண்ணலாம். அவ்வளவு காலம் எந்த மின்கலமும் இருக்காது. அது தன்னளவில் சிதைந்து போகும்.

கசிவைக் குறைக்க நீர்க்கட்டி கையாளும் உத்தி பழமையானது: தேவையில்லாத மடையை முற்றிலும் அடைத்துவிடுதல். கேமரா காத்திருக்கும்போது மின்திறன் மேலாண்மைச் சில்லு, செயலிக்கும் நினைவக அட்டைக்கும் படவுணரிக்கும் செல்லும் வழிகளை மூடிவிடுகிறது. வெப்ப உணரிக்கும் கடிகாரத்துக்கும் செல்லும் வழி மட்டும் திறந்திருக்கிறது. தடத்தில் ஓர் உடல்வெப்பம் அசைந்ததும் உணரி தட்டி எழுப்புகிறது.

இங்கேதான் வடிவமைப்பவர்களின் உண்மையான தலைவலி தொடங்குகிறது. எவ்வளவு ஆழ்ந்து உறங்கச் செய்கிறோமோ அவ்வளவு மெதுவாகவே எழும். எல்லாவற்றையும் அடைத்துவிட்ட கருவி விழித்துப் படமெடுக்க இரண்டு நொடி எடுத்துக்கொண்டால், வேகமாக நடக்கும் புலியின் வால் மட்டுமே படத்தில் விழும். வாலைக் கொண்டு புலியை அடையாளம் காண இயலாது. விலாவின் வரிகள் வேண்டும். அரைத் தூக்கத்தில் வைத்திருந்தால் அரை நொடிக்குள் படம் கிடைக்கும். மின்கலம் முன்னதாகத் தீரும். நினைவகத்தில் மட்டும் சிறிதளவு மின்சாரத்தை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து செயலி தொடங்கும்படி செய்வது ஒரு நடுவழி. எந்த வழியும் முழுமையானதன்று. காட்டின் தன்மை, தடத்தின் அகலம், பணியாளர் திரும்பி வரும் நாள் ஆகியவற்றைப் பொறுத்தே தேர்வு அமைகிறது.

எழுப்புவதிலும் ஒழுங்கு உண்டு. எல்லா உறுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் திறந்துவிடக் கூடாது. செயலியின் உட்பகுதி, பின்பு அதன் வெளிவாயில்கள், பின்பு நினைவகம் என்று மில்லி நொடிக் கணக்கில் முறைவைத்துத் திறக்க வேண்டும். முறை தவறினால், விழித்த உறுப்பிலிருந்து விழிக்காத உறுப்புக்குள் சமிக்ஞைக் கம்பி வழியே மின்னோட்டம் பின்வாசலாகப் புகுந்து சில்லையே பாழாக்கிவிடும். அணைக்கும்போது பெரும்பாலும் இதே வரிசை தலைகீழாக நடக்கிறது.

மின்கலம் நலிந்த இரவில்

மின்கலம் பாதிக்குமேல் தீர்ந்தபின் ஒரு விந்தையான இடர் வருகிறது. காத்திருக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். இரவில் ஒரு விலங்கு கடக்கிறது. அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. பெரிய மின்னோட்டம் பாய்கிறது. நலிந்த மின்கலத்தின் உள்தடை கூடியிருப்பதால் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. செயலி மயங்கி விழுகிறது. விளக்குகள் அணைந்ததும் மின்னழுத்தம் மீண்டும் உயர, செயலி எதுவும் நடவாததுபோல் எழுகிறது. இதற்கிடையில் நினைவக அட்டையில் எழுதிக்கொண்டிருந்த படம் பாதியில் நின்றிருக்கும். சில வேளைகளில் கெடுவது அந்த ஒரு படம் மட்டுமன்று. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையே குலைந்து, முந்தைய வாரங்களின் படங்களும் படிக்க இயலாமற்போகும். மின்கலம் ஒரு நாள் முன்னதாகத் தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றச் செய்யும் இழப்பு இது.

நல்ல மின்திறன் மேலாண்மைச் சில்லு மின்னழுத்தத்தை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். ஒரு வரம்பைத் தாண்டி இறங்கினால் செயலிக்கு முன்கூட்டியே அறிவிக்கும்; எழுதுவதை முடித்துக்கொண்டு உறங்கச் செல்ல அதற்குச் சிறு அவகாசம் கிடைக்கும். அதற்கும் கீழே இறங்கினால் தானே எல்லா வழியையும் அடைத்துவிடும். மின்னழுத்தம் தெளிவாக உயர்ந்தாலன்றி மறுபடி திறக்காது. இன்னும் சில கருவிகள் விளக்கின் ஒளியைக் குறைத்தும், காணொளிப் பதிவை நிறுத்திப் படம் மட்டும் எடுத்தும் வாழ்நாளை நீட்டிக்கொள்கின்றன. வறட்சிக் காலத்தில் நீர்க்கட்டி ஒருபோக நெல்லைக் காப்பாற்றக் கரும்புக்கு விடும் நீரை நிறுத்துவது போல.

யானையின் கழுத்தில்

மரத்தில் கட்டிய கேமராவின் மின்கலத்தை எப்படியேனும் மாற்றிவிடலாம். யானையின் கழுத்துப்பட்டையில் உள்ள மின்கலத்தை மாற்றுவது அப்படிப்பட்டதன்று. அதற்கு யானையை மயக்க ஊசியிட்டு வீழ்த்த வேண்டும். யானைக்கும் ஆபத்து, மருத்துவருக்கும் ஆபத்து.

அரிக்கொம்பன் என்ற யானையைத் தமிழகம் மறந்திருக்காது. 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அவ்யானைக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டனர். அது மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் விடுவித்தது. அதன்பின் அது எங்கே நிற்கிறது என்பதை மக்கள் நாள்தோறும் கேட்டறிந்தனர். விடை சொன்னது அந்தக் கழுத்துப்பட்டை.

கழுத்துப்பட்டை செய்ய வேண்டிய வேலைகளில் செலவு மிக்கவை இரண்டு. ஒன்று, செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுத் தன் இடத்தைக் கணிப்பது. மற்றொன்று, கணித்ததை அனுப்புவது. பழைய இரண்டாம் தலைமுறைச் செல்பேசி இணைப்பில் அனுப்பும்போது, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த துடிப்புகளில் 2 ஆம்பியர்வரை மின்னோட்டம் பாயும். நீண்டகாலம் உழைக்கும் லித்தியம் மின்கல வகைகளுள் சில, மெல்ல மெல்லக் கொடுப்பதில் வல்லவை. இப்படித் திடீரென்று கேட்டால் தளர்ந்துவிடும். எனவே சில்லு முன்னதாகவே ஒரு பெரிய மின்தேக்கியைச் சிறுகச் சிறுக நிரப்பி வைத்து, துடிப்பின்போது அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை இடம் கணிப்பது என்பதையும் வரம்பிட்டே ஆக வேண்டும். மணிக்கொரு முறை என்றால் யானை ஊருக்கு அருகில் வருவது உடனே தெரியும், பட்டையின் வாழ்நாள் குறையும். ஆறு மணிக்கொரு முறை என்றால் பட்டை பல ஆண்டு உழைக்கும், ஆனால் ஆறு மணி நேரத்தில் ஒரு யானை எவ்வளவு தொலைவு நடக்கும் என்பது காட்டோர ஊர்களில் வாழ்வோர்க்குத் தெரியும்.

எங்கே பிறக்கின்றன?

பாலாற்றிலிருந்து பெங்களூரு ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் தொலைவே. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அங்கே தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. அதன்பின் வந்த பல நிறுவனங்களில் இந்தியப் பொறியாளர்கள் மின்திறன் மேலாண்மைச் சில்லுகளை வடிவமைத்து வருகின்றனர். ஆனால் வடிவமைப்பு இங்கே, வார்ப்பு வெளிநாட்டில் என்பதே நெடுங்கால நிலை. 2021ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, விலை மிகுந்த செயலிகள் மட்டுமல்ல, சில ரூபாய் விலையுள்ள மின்திறன் சில்லுகள் கிடைக்காமலும் தொழிற்சாலைகள் காத்துக்கிடந்தன.

இச்சில்லுகளுக்கு மிக நுண்ணிய தொழில்நுட்பம் தேவையில்லை. இன்றைய உயர்தரச் செல்பேசிச் செயலிகளுள் பல 3 நானோமீட்டர் வகையைச் சேர்ந்தவை. மின்திறன் சில்லோ கூடுதல் மின்னழுத்தத்தையும் பெரிய மின்னோட்டத்தையும் தாங்க வேண்டும்; அதற்குத் தடித்த கட்டமைப்பே பொருத்தம். நுண்மை கூடினால் அதற்கு நன்மையைவிடத் தீமையே மிகுதி. குசராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பவர்சிப் நிறுவனத்துடன் இணைந்து அமைக்கும் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 28 முதல் 110 நானோமீட்டர்வரையிலான வகைகளில் அங்கே உருவாக்கத் திட்டமிடப்பட்டுள்ளவற்றுள் மின்திறன் மேலாண்மைச் சில்லுகளும் அடங்கும்.

மறுபடி காட்டுக்கு. கணக்கெடுப்பு நாள்கள் முடிந்ததும் பணியாளர்கள் கேமராக்களைத் திறக்கின்றனர். சிலவற்றை யானை பிடுங்கி எறிந்திருக்கும். சிலவற்றில் எறும்பு குடியேறியிருக்கும். மற்றவற்றின் சிறு திரையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று, எடுத்த படங்களின் எண்ணிக்கை. மற்றொன்று, மின்கலத்தில் எஞ்சியிருக்கும் அளவு. முதல் எண்ணை எல்லாரும் ஆவலோடு பார்ப்பர். அனுபவமுள்ள பணியாளர் முதலில் பார்ப்பது இரண்டாவது எண்ணைத்தான். அது பூச்சியமாக இருந்தால், எந்த நாளில் பூச்சியமாயிற்று என்பதைக் கடைசிப் படத்தின் தேதியைக் கொண்டு கண்டறிந்து, அந்த நாளுக்குப் பின் அத்தடம் காணப்படாத தடம் என்று குறிப்பேட்டில் எழுதுவர்.

பயிற்சி

1. மின்கலம் 12 வோல்ட், உறுப்புக்கு வேண்டியது 3 வோல்ட், 200 மில்லி ஆம்பியர். நேரியல் சீராக்கியில் வெப்பமாக வீணாகும் திறனைக் கணக்கிடுக.

2. நீர்க்கட்டி உவமை எந்த இடத்தில் பொருந்தாமற்போகிறது? காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுக.

3. யானையின் இருப்பிடத்தை மணிக்கொரு முறை அறிய வேண்டுமா, ஆறு மணிக்கொரு முறை அறிந்தால் போதுமா? காட்டோர ஊரில் வாழும் உழவர் ஒருவரும் வனக் கால்நடை மருத்துவர் ஒருவரும் உரையாடுவதாகப் பத்து வரிகளில் எழுதுக.